திருவிழா இரவைப் படமெடுக்கப் போகும் தம்பிக்கு



நீ அனுப்பிய குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா படங்களை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, மறுபடி நிதானமாகவும் பார்த்தேன். காளி, அனுமன், குறத்தி, கரடி, போலீஸ் என்று எல்லா வேடமும் இருக்கிறது. கூர்மைக்குக் குறைவில்லை, நிறமும் கண்ணைப் பறிக்கிறது. இரவு மட்டும்தான் இல்லை. நள்ளிரவில் கடற்கரையில் எடுத்த படத்தில் மணல் பட்டப்பகலாய் வெளுத்திருக்கிறது, வானம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கேமரா விற்கிறவர்கள் "இருட்டிலும் பகல் போலத் தெரியும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நீயும் ஐஎஸ்ஓவை ஏற்றினாய், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிழலைத் தூக்கினாய், மிச்சமிருந்த கறுப்பையும் ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்த மாதிரி துடைத்துவிட்டாய்.

இந்த ஆண்டு தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவில் தொடங்கி தசரா முடிய எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். எடு. ஆனால் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள். பையைத் திறப்பதற்கு முன்னால், நிற்கிற இடத்தில் விழும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார். யார் போட்ட விளக்கு அது? எதில் எரிகிறது? எப்போது அணையும்? பகலில் இந்தக் கேள்விகளுக்கு வேலை இல்லை, ஒரே சூரியன். திருவிழா இரவில் பத்தடிக்கு ஒரு சூரியன் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளியும் இருக்கிறார்.

மாதா கோயிலிலிருந்து ஆரம்பிப்போம். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. மணிலாவிலிருந்து மாதா சொரூபம் 1555-ல் வந்து இறங்கியது என்பது ஊர் வரலாறு. இப்போது நிற்கிற கோயில் 1713-ல் கட்டியது. அந்த வெள்ளை முகப்பில் சீரியல் லைட் போட்டிருப்பதை ஊரில் எல்லோரும் போனில் எடுத்து வைத்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் படங்களில் கறுப்பு அட்டையில் வெள்ளைப் புள்ளி வைத்ததுபோலத்தான் கோயில் இருக்கும். காரணம், இரவு எட்டு மணிக்கு மேல் எடுப்பது. விளக்குப் போட்ட கட்டடத்தை எடுக்க வேண்டிய நேரம், வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும்போது.

இங்கேதான் வெளிநாட்டுப் புத்தகங்களும் வீடியோக்களும் உன்னை ஏமாற்றும். அந்தி நீல நேரம் முக்கால் மணி நேரம் இருக்கும், நிதானமாக முக்காலியை விரி என்பார்கள். லண்டனில் கோடைக்காலத்தில் அது சரி. அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில், 9 பாகைக்கும் குறைவான இடத்தில். இங்கே சூரியன் நெட்டுக்குத்தாக விழுந்துவிடும். ஜூலைக் கடைசியில் தூத்துக்குடியில் 6.40 வாக்கில் அஸ்தமனம், 7 மணி தாண்டியதும் இருட்டு. உனக்குக் கிடைப்பது இருபது நிமிஷம், அதிலும் நல்ல நேரம் பின்பாதி மட்டும். அக்டோபரில் தசராவுக்குப் போகும்போது 6 மணிக்கே சூரியன் விழுந்துவிடும், அதையும் கணக்கில் வை. இன்னொன்று, கடல் நமக்குக் கிழக்கே இருக்கிறது. கடல் பக்கத்து வானம் முதலில் கறுக்கும், ஊர்ப் பக்கம் கொஞ்ச நேரம் செம்மை நிற்கும். நீலம் வேண்டுமானால் சீக்கிரமே கடலைப் பார்த்து நில், செம்மை வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டு. இரண்டுக்கும் ஆசைப்பட்டு நடுவில் ஓடாதே, ஓடி முடிப்பதற்குள் இரண்டும் போய்விடும்.

முகப்பை முக்காலியில் எடுக்க ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு விநாடி என்று தொடங்கிப் பார். பிறகு கூட்டிக் குறைத்துக்கொள். முக்காலியை ஜெபமாலைக்கு உட்கார்ந்திருக்கிற பாட்டிகள் நடுவில் விரிக்காதே. நற்கருணை ஆசீர் நடக்கும்போது எல்லோரும் முழந்தாளில் இருப்பார்கள், நீ மட்டும் நின்றுகொண்டு ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தால் படம் கிடைக்கலாம், அடுத்த வருஷம் அந்த இடம் கிடைக்காது. 2023-ல் தங்கத் தேர் ஓடியபோது வந்த கேமராக்களின் நெரிசலைப் பார்த்திருப்பாய். தேர் எப்போதாவதுதான் ஓடும், சப்பரம் ஒவ்வொரு ஆகஸ்ட் 5-லும் இரவில் வரும். சப்பரத்தையே நன்றாகக் கற்றுக்கொள்.

வெளியே வந்தால் கடைகள், ராட்டினங்கள். இதில்தான் இரவுப் படக்காரன் கை பழக வேண்டும். பொரிகடலைக் கடை, வளையல் கடை, பலூன்காரர். ஒவ்வொரு கடையும் தன் விளக்கைத் தானே போட்டுக்கொண்டு நிற்கிறது. பலகைக்கு மேலே தொங்கும் எல்இடி பல்பு சாமான்மேல் அடிக்கிறது, கடைக்காரர் முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் எதிரொளிக்கிறது. வளையல் கடையில் நின்று பார், கண்ணாடி வளையல் அடுக்கிலிருந்து சிதறுகிற வெளிச்சம் பேரம் பேசுகிற அக்காவின் மோவாயில் பச்சையும் சிவப்புமாக விழுந்திருக்கும். வாங்க வருகிறவர்கள் கடை விளிம்பை எட்டியதும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் முகத்தை நீட்டுகிறார்கள். அந்த விளிம்பில் காத்திரு. ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 1/100 இருந்தால் போதும், கையில் பிடித்தே எடுக்கலாம்.

ராட்டினத்துக்கு முக்காலி. சக்கரம் ஒரு சுற்று வர எத்தனை விநாடி என்று வாய்விட்டு எண்ணு. அதில் பாதி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் முழு வட்டமும் ஒளிக்கோடாகிவிடும், யாரும் உட்கார்ந்திருப்பது தெரியாது. பத்தில் ஒரு பங்கு திறந்தால் கம்பிகள் விசிறியாக விரியும், நடுவில் இரும்புச் சட்டமும் தெரியும். எனக்குப் பிடித்தது இரண்டும் அல்ல. ஆள் ஏற்றுவதற்காகச் சக்கரம் நின்று நின்று நகரும்போது எடு. கீழ்ப்பெட்டியில் ஏறுகிறவர்கள் அசையாமல் பதிவார்கள், உச்சியில் ஆடுகிற பெட்டி கரைந்திருக்கும். ஜெயண்ட் வீல், கொலம்பஸ் எதுவானாலும் டிக்கெட் கிழிக்கிற பையனையும் கம்பியைப் பிடித்து நிறுத்துகிற ஆளையும் படத்துக்குள் வை. ஒளிக்கோடு மட்டும் வைத்த படம் மதுரையில் எடுத்தாலும் மலேசியாவில் எடுத்தாலும் ஒன்றுதான்.

இந்த விளக்குகளில் ஒரு வில்லங்கம் உண்டு. மின்வாரியக் கரன்ட் விநாடிக்கு 50 சுற்று, அதனால் குழல் விளக்கும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/1000 வைத்து எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும், அடுத்தடுத்த படங்களில் நிறம் மாறும். 1/50 அல்லது 1/100-ல் நில், பெரும்பாலும் தப்பிக்கலாம். ஜெனரேட்டரில் ஓடுகிற வரிசை என்றால் அதுவும் நிச்சயமில்லை. ஜெனரேட்டர் 1500 சுற்றில் ஓடினால்தான் அந்த 50 கிடைக்கும், பாரம் ஏறினால் எஞ்சின் திணறும், கணக்கு நழுவும். எழுத்து ஓடுகிற பிக்சல் எல்இடி போர்டுகள் தனி ஜாதி, ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் துடிக்கும். அங்கே சூத்திரம் எதுவும் இல்லை, நாலைந்து வேகத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்த ஜெனரேட்டர்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவை. எந்த வரிசையை எத்தனை மணிக்கு அணைப்பார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீல எல்இடிக்குக் கீழே சிவப்புப் புடவை கறுப்பாகிவிடும், அதைக் கம்ப்யூட்டரில் மீட்க முடியாது, ஏனென்றால் சிவப்பு ஒளியே அங்கே இல்லை. கேமராவின் பொதுவான ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும், ஆனால் நீலம் மட்டும் உச்சியில் முட்டி உடைந்திருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைப் பார்க்கப் பழகு. பழைய மஞ்சள் சோடியம் விளக்கு ஏதாவது தெருவில் மிச்சமிருந்தால் அங்கே எடுப்பதைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடு. அது பெரும்பாலும் மஞ்சளைத்தான் தருகிறது, அதிலிருந்து வேறு நிறத்தைப் பிழிவது வீண் வேலை.

ஜெனரேட்டரையும் விளக்கையும் பற்றிப் பேசியதால் இதையும் சொல்கிறேன். திருவிழா இரவைப் படமெடுக்க உலகத்தில் மிக வசதியான இடம் எது என்று கேட்டால், இங்கிலாந்தின் நீராவி எஞ்சின் திருவிழாக்களைச் சொல்வேன். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ராட்டினக்காரர்கள் சாலையில் ஓடும் நீராவி எஞ்சின்களை வைத்திருந்தார்கள். ஊர் விட்டு ஊர் போகும்போது அதுவே ராட்டின வண்டிகளை இழுக்கும். ஊரில் நின்றதும் புகைபோக்கிக்கு முன்னால் பொருத்திய டைனமோவை பெல்ட்டில் சுழற்றி நூற்றுக்கணக்கான பல்புகளை எரிக்கும். விளக்கும் அதுவே, ஜெனரேட்டரும் அதுவே. டார்செட் மாவட்டத்தில் 1969-ல் தொடங்கிய நீராவித் திருவிழாவில் அந்தப் பழைய எஞ்சின்களை இரவில் வரிசையாக நிறுத்திப் பல்பு போடுவதே பெரிய காட்சியாக இருந்தது. எஞ்சின் அசையாமல் நிற்கும், ராட்டினம் பின்னால் சுழலும், முக்காலி போட இடம் தாராளமாக இருக்கும். அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1955 முதல் 1960 வரை வர்ஜீனியா பக்கத்தில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி ரயில்களை இரவில் எடுத்தார். இருக்கிற வெளிச்சம் போதாது என்று, தண்டவாளத்தை ஒட்டிக் கம்பி இழுத்து, டஜன் கணக்கில் பிளாஷ் பல்புகளை ஒரே நொடியில் வெடிக்க வைத்தார். ரயில் ஒருமுறைதான் வரும், பல்பும் ஒருமுறைதான் எரியும்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிளாஷை அல்ல. நீராவியும் புகையும் பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் பட்டால்தான் உருவம் கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முன்னாலிருந்து அடித்தால் புகை வெள்ளைச் சுவராகிவிடும். குலசையில் தீச்சட்டிப் புகைக்கும் சாம்பிராணிக்கும் இதே விதிதான். உன் படங்களில் காளிக்கு முன்னால் ஒரு வெள்ளை மூட்டம் நிற்கிறதே, அது உன் கேமராவின் பிளாஷ் புகையில் பட்டுத் திரும்பியது. பிளாஷை மூடிவிட்டு, கடை விளக்கு புகைக்குப் பின்னால் வருகிற மாதிரி நீ இடம் மாறியிருந்தால் போதும்.

குலசைக்கே வந்துவிட்டோம். அந்த ஊரில் நீராவியும் ஓடியிருக்கிறது. பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கிற ஆலைக்காகப் போட்ட சிறு ரயில், திருச்செந்தூரையும் திசையன்விளையையும் குலசை வழியாக இணைத்தது, 1940-ல் நின்றுபோனது. இப்போது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இரவில் ராக்கெட் கிளம்பும் காலம் வந்தால் முக்காலியும் ரிமோட்டுமாகப் போய் நில். தசராவுக்கு முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு வா. முத்தாரம்மன் கோயிலைச் சுற்றி விஜயதசமி இரவில் முக்காலியின் மூன்று காலை ஊன்ற இடம் கிடைக்காது. கிடைத்தாலும் யாராவது தடுக்கி விழுவார்கள், விழுகிறவர் கையில் தீச்சட்டி இருக்கலாம்.

உன்னிடம் இருக்கிற படங்கள் எல்லாம் கடைசி இரவில் எடுத்தவை. கடைசி இரவு கூட்டத்துக்கானது, உனக்கானது அல்ல. கொடியேறியதும் காப்புக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராக வேடமிட்டுக் காணிக்கை வாங்கி வருகிறார்களே, அந்த நாட்களில் ஒரு தசரா குழுவின் குடிலுக்குப் போ. பகலில் போ, கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போ. குழுவை நடத்துகிறவரைப் பார்த்து விஷயத்தைச் சொல், செருப்பை வெளியே விடு, கறி மீன் சாப்பிட்டுவிட்டுப் போகாதே. சம்மதம் கிடைத்தால் வேடம் கட்டுகிற நேரத்துக்கு வரச் சொல்வார்கள்.

அங்கே என்ன வெளிச்சம் என்று பார்த்தால், பெரும்பாலும் ஓலைக் கூரைக்குக் கீழே குறுக்குக் கழியில் கட்டிய ஒற்றைக் குழல் விளக்கு. காளி வேடம் போடுகிற அண்ணன் சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். முகத்துக்கு வர்ணம் அவரே பூசிக்கொள்வார். கண்ணைச் சுற்றி மை இழுக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஜடாமுடியை இன்னொருவர் பின்னாலிருந்து இழுத்துக் கட்டுவார். முதுகில் மரக்கைகளைக் கட்டும்போது கயிறு நெஞ்சின் குறுக்கே போய் அழுந்தும். இறுகிவிட்டதா என்று கேட்பார்கள், தலையை மட்டும் ஆட்டுவார். நாக்கைக் கட்டியபின் பேச்சு நின்றுவிடும். அதுவரைக்கும் "அண்ணே" என்று கூப்பிட்டவர்கள் கிரீடம் ஏறியதும் "அம்மா" என்பார்கள். நீயும் அப்படியே கூப்பிடு. 1/50, எஃப் 2, கண்ணாடிக்குள் தெரிகிற முகத்தில் போக்கஸ். பிளாஷ் வேண்டவே வேண்டாம். குழல் விளக்கு மேலிருந்து ஒரு பக்கமாக விழுவதால் கண்குழி இருண்டிருக்கும், அதை அப்படியே விடு.

கிரீடம் ஏறியபின் அவரிடம் "இந்தப் பக்கம் பாருங்க", "இன்னொரு தரம் சட்டியைத் தூக்குங்க" என்று சொல்கிற கேமராக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அதில் சேராதே. விரதமிருந்து நேர்ச்சைக்காகப் போட்ட வேடம் அது, மாடலிங் அல்ல. சட்டியை நீட்டினாலோ தட்டை நீட்டினாலோ காசு போடு. பிச்சைக்கார வேடத்தில் உன்னிடம் கை நீட்டுகிறவர் மறுநாள் சொந்தக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம், அவர் வாங்குகிற காசு உண்டியலுக்குப் போகிறது. போலீஸ் வேடக்காரர்களும் ஏராளம். மேட்டிலிருந்து இறங்கச் சொல்கிறவர் நிஜப் போலீஸா வேடமா என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, இறங்கிவிடு. இரண்டில் எதுவானாலும் இறங்குவதே மரியாதை.

தீச்சட்டி வெளிச்சம் தனி வித்தை. நெருப்பின் நிறம் ஏறக்குறைய 2000 கெல்வின், மெழுகுவர்த்திக்குச் சமம். கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது நெருப்பை வெள்ளையாக்கப் பார்த்து முகத்தைக் காய்ச்சல்காரன் முகமாக்கிவிடும். நிறத்தை 3000-க்குப் பக்கத்தில் நீயே பூட்டி வை, கொஞ்சம் சிவந்தே இருக்கட்டும். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, 1/125 என்று தொடங்கு. அளவு எடுக்க வேண்டியது முகத்தில், சுடரில் அல்ல. சுடர் வெளுத்துப் போனால் பரவாயில்லை, முகம் கறுத்தால் படமில்லை. ஆனால் பின்னாலிருக்கிற கூட்டத்தையும் தெரிய வைக்க ஆசைப்படாதே. சட்டி வெளிச்சம் எட்டுகிற தூரம் ஒரு கை நீளம், அதற்கப்பால் இருட்டுதான் என்பதே அந்த இடத்தின் உண்மை. போனில் இருக்கிற இரவு மோடு பல படங்களை அடுக்கிச் சராசரி எடுக்கிறது. நிற்கிற கோபுரத்துக்கு அது சரி. சுழன்று ஆடுகிற காளியை எடுத்தால் கை இரண்டு மூன்றாகக் கரையும், இருட்டோ பொய்யான அந்தியாகும். ஆட்டத்தின் வேகம் வேண்டுமானால் 1/8-ல், ஆடுகிறவரோடு சேர்ந்து நீயும் திரும்பு. பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

சூரசம்ஹாரத்தை திருச்செந்தூரிலும் எடுத்திருக்கிறாய், அதனால் வித்தியாசம் உனக்கே தெரியும். திருச்செந்தூரில் மாலை வெயில் மிச்சமிருக்கும்போதே நடக்கும். குலசையில் நள்ளிரவு, சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு முன்னால் உள்ள கடற்கரையில். மகிஷாசூரன் சிங்கமாக, எருமையாக, சேவலாகத் தலை மாற மாற, அம்மன் சூலம் இறங்கும். எல்லோரும் அந்தச் சூலத்தை எடுக்கத்தான் முண்டியடிப்பார்கள், டிவிக்காரர்களுக்கு மேடையும் போக்கஸ் லைட்டும் உண்டு. உனக்கு இரண்டும் இல்லை. அதனால் அந்தப் போக்கஸ் லைட்டுக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தைத் திரும்பிப் பார். அம்மனுக்குப் போட்ட வெளிச்சத்தில் லட்சக்கணக்கான முகங்கள் நனைந்திருக்கும். ஒவ்வொரு தலை விழும்போதும் எல்லா முகமும் ஒரே நேரத்தில் மாறும். குலசையின் நல்ல படம் பெரும்பாலும் அம்மனுக்கு முதுகைக் காட்டி எடுத்ததாகத்தான் இருக்கும். முதுகைக் காட்டுவதற்கு முன் ஒரு கும்பிடு போட்டுவிடு.

சம்ஹாரம் முடிந்ததும் டிவிக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். நீ கிளம்பாதே. போக்கஸ் லைட்டுகள் ஒவ்வொன்றாக அணையும், கடைகளின் பல்பு மட்டும் நிற்கும், பிறகு கிழக்கே கடலுக்கு மேல் வெளுக்கும். வேடக்காரர்கள் கிரீடத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மணலில் படுத்திருப்பார்கள், பாதி அழிந்த வர்ணத்தோடு டீ குடிப்பார்கள். அது சாயங்கால அந்தியைவிட நல்ல வெளிச்சம், கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதைப் பார்க்கக் கண் திறந்திருக்காது. தூங்குகிற பெண்களையும் குழந்தைகளையும் எடுக்காதே. விழித்திருக்கிறவர்களிடம் கேட்டு எடு. காப்புக் களைவது அன்று மாலைதான், அதுவரை அவர்கள் விரதத்தில் இருப்பவர்கள்.

கருவிகளைப் பற்றிக் கேட்டாயே. நம் கடற்கரைக்கு முதல் எதிரி இருட்டு அல்ல, உப்புக் காற்று. அரை மணி நேரத்தில் லென்ஸ்மேல் மெல்லிய உப்புப் படலம் படியும். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு பனிமூட்டம் வந்தால் அழகு என்று நினைக்காதே, லென்ஸைப் பார். சட்டை முனையால் துடைத்தால் மணல் கோடு விழும். முதலில் ஊது, பிறகு துணி. ஏசி காரிலிருந்து இறங்கியதும் வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும், பையிலேயே கால் மணி நேரம் வைத்திரு. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதே. இதற்காகவே சொல்கிறேன், எஃப் 1.8 உள்ள ஒரு 35 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், ஜூம் வாங்கக் கடன் வாங்காதே. தூரத்திலிருந்து இழுத்து எடுக்கிற படத்துக்கு நெருங்கிப் போய்ப் பேச வேண்டிய அவசியம் இருக்காது, அதுதான் அதில் இருக்கிற குறை. ரா பைலாக எடு, கார்டு இரண்டு வைத்துக்கொள், பர்ஸை முன்பக்கப் பையில் போடு. ட்ரோன் ஆசை இருந்தால் அனுமதி வாங்காமல் பறக்க விடாதே.

ஒரு விஷயம் எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது. இந்தக் கடற்கரையின் பழைய சந்தை என்றால் முத்துக்குளிப்பு முகாம்தான். குளிப்பு அறிவித்ததும் வெறும் மணலில் ஓலையும் பாயுமாக ஓர் ஊரே முளைக்கும். குளியாளிகள், சம்மாட்டிகள், வியாபாரிகள், சுறா வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரக்காரர்கள், ஆயிரம் ஆயிரமாக எண்ணிச் சிப்பி ஏலம். சில வாரங்களில் அந்த ஊர் கலைந்துபோகும். நம் பக்கத்தில் கடைசிக் குளிப்பு 1961-ல் நடந்தது. அதற்குள் கேமரா வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. படகும் சிப்பிக் குவியலும் முங்கப் போகிறவர்களும் பகல் வெயிலில் படமாகியிருக்கிறார்கள். அந்த முகாமின் இரவை, அரிக்கேன் விளக்கு வைத்துச் சிப்பியைத் திறந்து பார்த்தவனின் முகத்தை எடுத்த படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. பிரஸ்ஸாய் என்ற புகைப்படக்காரர் 1930-களின் தொடக்கத்தில் பாரிஸ் இரவில் சிகரெட் எரிகிற நேரத்தை வைத்து எக்ஸ்போஷர் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நம் மணலுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. பெட்ரோமாக்ஸ் காலத்துத் திருவிழா இரவுகளும் இப்படியே போயின. அப்போது எங்களிடம் இருந்த பிலிமுக்கு அந்த வெளிச்சம் பற்றாது, பற்ற வைக்க பிளாஷ் அடித்தால் பெட்ரோமாக்ஸ் காணாமல் போகும்.

உன் கையில் இருக்கிற கேமராவுக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், இருட்டை வெளுக்காதே. 2020-களில் குலசைக் குடிலில் ஒற்றைக் குழல் விளக்கு எப்படி எரிந்தது, ராட்டினக்காரர் எந்த நிற எல்இடி போட்டார், எந்தச் சந்து இருண்டு கிடந்தது என்பதெல்லாம் படத்தில் அப்படியே இருக்கட்டும். எடுத்ததும் படத்தோடு ஊர், குழு, திருநாள், ஆண்டு நான்கையும் எழுதி வை. போனில் அனுப்பிவிட்டோம் என்று இருந்துவிடாதே, போன் மாறும்போது அதுவும் போய்விடும். எட்டுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டு, முகம் தெரிகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடு, குழுவுக்கு ஒன்று தனியாகக் கொடு. தபாலில் அனுப்பாதே, நேரில் போ. அடுத்த காப்புக் கட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடு.

இப்படிக்கு,
அண்ணன்
தூத்துக்குடி